இடப்பக்கம் கொஞ்சம் தாழ்வு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அத்தான் சொன்னது. அதையும் அவர் எனக்கென்று சொல்லவில்லை. நான் தூங்குகிறேன் என்று நினைத்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நானும் பாதி தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். அதனால் இதில் எது அவர் சொன்னது, எது நான் கண்ட கனவு என்று என்னைப் பிடித்து உலுக்கினாலும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இடம், ஒரு கோல்ஃப் மைதானத்தின் பின்கோடியில் இருக்கும் தகர ஷெட். அத்தான் அங்கே புல்வெட்டும் மெஷின்களுக்கு மெக்கானிக். அவர் மனைவி, அதாவது என் அக்கா, அதே மைதானத்தில் புல்லுக்குப் பொறுப்பாளர். மெஷின் அவர் கையில், அது வெட்டும் புல் இவள் கையில். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பது நல்லதா என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

என் வீட்டில் வெள்ளையடிக்கும் வேலை நடந்ததால் சில வாரம் நான் அக்கா வீட்டில் தங்கினேன். விடியும் முன் அவர்கள் கிளம்பும்போது நானும் தொற்றிக்கொள்வேன். "அமைதியான இடம், எழுத வரும்" என்று சொல்லிக்கொண்டு போய், உர மூட்டைகளின் மேல் சுருண்டுவிடுவேன். ஈரப்புல் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தால் எனக்குக் கண் சொக்கும். எழுதியது என்னவோ மிகக் குறைவு.

2

தொடக்கங்கள்:

"பனி விலகாத பச்சை வெளியில் அவர் தன்னந்தனியாக" — வேண்டாம். பனியோடு ஆரம்பித்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் தயாராகிவிடுவீர்கள். இதில் யாரும் சாகவில்லை.

"ஒரு மில்லிமீட்டர் என்பது மனித வாழ்வில்" — அடித்துவிட்டேன். இந்த வரியை எழுதியபோது எனக்கே கொட்டாவி வந்தது.

"அக்கா போகப்போகிறாள்."

இதுதான் சரியான தொடக்கம். மூன்றாவதாக வந்திருக்கிறது, பரவாயில்லை. வேறொரு ஊரில், வேறொரு மைதானத்தில் அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய வேலை, தங்க வீடும் உண்டு. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை அவள் ஓர் இரவுச் சாப்பாட்டின்போது தண்ணீர்ச் சொம்பை நகர்த்திக்கொண்டே சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள். அத்தான் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"தனியாவா போறே?" என்றேன்.

"கூப்பிட்டது என்னை மட்டும்தானே."

அத்தான் "ம்" என்றார். அந்த "ம்"மைக் கேட்டு நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எனக்கு அவர்கள் இருவரையும் பிடிக்கும். அதுதான் இந்தக் கதையில் எனக்கு இருக்கும் பெரிய தொந்தரவு.

3

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக (என்னையும் சேர்த்துத்தான்) கொஞ்சம் விளக்கம். பந்து போய் விழும் குழியைச் சுற்றி வழுவழுவென்று ஒரு புல்தரை இருக்கும். கிரீன் என்பார்கள். அங்கே புல்லின் உயரமே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அரை மில்லி தாழ வெட்டினால் புல் வெளுத்து மஞ்சளாகும். அரை மில்லி உயர விட்டால் பந்து தயங்கும். தயங்கினால் ஆட வந்தவர் மேனேஜரிடம் போவார், மேனேஜர் அக்காவிடம் வருவார், அக்கா அத்தானிடம் போவாள்.

"போவாள்" என்பது தவறு. போக மாட்டாள். இவரும் அவளிடம் வர மாட்டார். கதையே அதில்தான் இருக்கிறது.

ஷெட்டின் நடுவில் ஓர் அகலமான இரும்பு மேசை. ஜன்னல் பக்கம் அத்தானுடையது: ஸ்பேனர்கள், எண்ணெய்த் துணி, உயரமான ஸ்டூல். எதிர்ப்பக்கம் அக்காவுடையது: புல் நாற்றுத் தட்டுகள், பூதக்கண்ணாடி, உட்கார்ந்தால் கிறீச்சிடும் மர நாற்காலி. மெஷினை மேசைக்குக் குறுக்கே மல்லாத்திப் போடுவார்கள். அப்படிப் போட்டால் அதன் வலது கோடி அத்தான் பக்கம், இடது கோடி அக்கா பக்கம்.

புல்லின் உயரத்தை அங்கேதான் நிர்ணயிப்பார்கள். மெஷினின் முன் உருளைக்கும் பின் உருளைக்கும் மேலே ஒரு நேரான பட்டையை வைத்து, பட்டைக்கும் வெட்டும் கத்திக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் பார்க்க வேண்டும். வலது கோடி அத்தானுக்கு மூக்குக்கு நேரே. இடது கோடியைப் பார்க்க அவர் மெஷின் மேல் கவிழ்ந்து, கையை எட்டி நீட்டி, கழுத்தை வளைப்பார்.

"இடப்பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கு" என்பாள் அக்கா, நாற்றுத் தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"அளந்துதான் வச்சிருக்கேன்."

"இங்க வந்து பாருங்க."

"இங்கிருந்தே தெரியுது."

தினமும் இதே நான்கு வரிகள். மூட்டை மேல் கண்ணை மூடிக்கொண்டே நானும் கூடச் சேர்ந்து முணுமுணுக்கும் அளவுக்கு மனப்பாடம். பிறகு மெஷின் வெளியே போகும், வெட்டும், வரிசைக்கு வரிசை கிரீனில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு விழும். அக்கா அந்தக் கோட்டைக் காலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். சில நாட்களில் அந்த நான்கு வரிகளைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசிக்கொண்டதில்லை.

4

சாப்பாட்டு மேசையில் "ம்" என்று சொன்ன மறுநாளே அத்தான் கருவி செய்ய ஆரம்பித்தார்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. அவளுக்கு மஞ்சள் கோடு பிடிக்கவில்லை, அதனால் போகிறாள், கோடு மறைந்தால் இருப்பாள். (இதில் எத்தனை ஓட்டை என்று பார்க்க ஆரம்பித்தேன். பிறகு விட்டுவிட்டேன். பாசத்தில் ஒருவர் போடும் கணக்கைத் திருத்த நான் யார்?)

கருவி இதுதான்: எஃகில் இழைத்த ஒரு பட்டை, அதன் நடுவில் கைக்கடிகாரம் போல ஒரு டயல், டயலின் அடியில் உள்ளே போய் வெளியே வரும் ஒரு மெல்லிய கால். பட்டையை உருளைகள் மேல் வைத்தால் அந்தக் கால் போய்க் கத்தியின் விளிம்பைத் தொடும். எவ்வளவு தூரம் போய்த் தொட்டது என்று முள் சொல்லும், ஒரு மில்லியை நூறாகப் பிரித்து. ஸ்கேல் வேண்டாம், கழுத்தை வளைக்க வேண்டாம். டயல் மேலே பார்த்து இருக்கும். தன் ஸ்டூலை விட்டு அசையாமலே அத்தான் இரண்டு கோடிகளையும் படித்துவிடலாம்.

(கடைசி வாக்கியத்தை நீங்கள் கவனித்தீர்களா? நான் எழுதும்போது கவனிக்கவில்லை.)

இவ்வளவு நுணுக்கமான கருவிக்குச் சைபர் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குத் துளி மேடுபள்ளம் இல்லாத ஒரு தளம் வேண்டும். ஷெட்டில் அப்படி எதுவும் இல்லை. வீட்டில் இருந்தது.

"டேய், முகம் பார்க்குற கண்ணாடி எங்கடா?" என்று அக்கா குளியலறையிலிருந்து கத்தினாள்.

"அத்தான் கழட்டிட்டுப் போயிட்டாரு."

"எதுக்கு?"

"சைபர் பார்க்கவாம்."

"அதுக்கு என் மூஞ்சியப் பார்த்தாலே போதுமே!"*

* அதன்பிறகு நாங்கள் மூன்று பேரும் எவர்சில்வர் தட்டில் முகம் பார்த்துத்தான் தலை வாரினோம். அக்கா திட்டிக்கொண்டே வாரினாள். ஆனால் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை.

மேசை மேல் கண்ணாடி மல்லாந்து கிடக்கும். அதன் மேல் கருவி, தன் பிம்பத்தின் மேல் தானே நின்றுகொண்டிருக்கும். ஜன்னலில் விடியும் வானம் கண்ணாடிக்குள்ளும் விடியும். முள்ளுக்கு அடியில் மேகம் மெதுவாக நகர்ந்து போகும். நான் மூட்டை மேலிருந்து அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன். ஒரு நாள் கனவில் கண்ணாடிக்குள் புல் கீழ்நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. அக்கா அங்கே தலைகீழாக மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாள். மேலே அத்தான் தள்ளிக்கொண்டு போனார். இருவர் பாதங்களும் ஒட்டியிருந்தன. நடுவில் இருந்தது அந்தக் கண்ணாடித் தடிமன் மட்டும்தான்.

(கனவைக் கதையில் போடுவது சோம்பேறித்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது வந்தது. நான் என்ன செய்ய?)

5

கருவி முடிந்தது. அத்தான் வழக்கம்போல ஸ்கேலால் இரு கோடிகளையும் சமமாக வைத்துவிட்டுக் கருவியை வைத்துப் பார்த்தார். வலது கோடி சரி. இடது கோடி அரை மில்லி தாழ்வு.

அவர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கருவியைப் பிரித்துப் போட்டார்.

டயலுக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்கைச் சந்தேகப்பட்டார். கண்ணாடியைச் சந்தேகப்பட்டுத் திருப்பிப் போட்டார். உருளையில் காய்ந்து ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டினார். திரும்பவும் பூட்டினார். திரும்பவும் அரை மில்லி. கைக்குப் பழகிய ஸ்கேலைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா புல் நாற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் "தாழ்வா இருக்கு" என்றுகூட அவள் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அவள் லீவு போட்டுவிட்டு அந்தப் புது மைதானத்தைப் பார்க்கப் போனாள். ஷெட்டில் நாற்காலி காலி.

அத்தான் எண்ணெய்த் துணியால் ஸ்கேலைத் துடைத்தார். பிறகு முணுமுணுக்க ஆரம்பித்தார். இங்கேதான் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கேட்டதை அப்படியே தருகிறேன்.

"அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பார்த்தா என்ன... வேணாம்... வராதீங்கன்னு சொல்லியிருக்காளே... ஆனா இன்னிக்கு அவ இல்லையே."

எனக்குத் தூக்கம் கலைந்தது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. துண்டு துண்டாக வந்ததைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்: எப்போதோ ஒரு காலையில் அத்தான் இடது கோடியை அளக்க அந்தப் பக்கம் போயிருக்கிறார். முழங்கை பட்டு ஒரு நாற்றுத் தட்டு கீழே விழுந்திருக்கிறது. அக்கா பார்த்துப் பார்த்து வளர்த்த நாற்று. "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!" என்று கத்தியிருக்கிறாள். அத்தான் அன்றிலிருந்து போகவில்லை.

அவர் அப்படித்தான். சொன்ன அளவில் வைத்து முடுக்கிவிட்டால் அதற்குப் பிறகு தளர்த்த மாட்டார். அவள் தினமும் "இங்க வந்து பாருங்க" என்றபோதெல்லாம் அதைக் குத்தல் என்று நினைத்திருக்கிறார். கோபத்தில் சொன்னதை உத்தரவாக எடுத்துக்கொண்டார், கூப்பிட்டதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிடம் எழுந்து அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ரப்பர் பூட்ஸ் சத்தம் மேசையைச் சுற்றி வந்தது. அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது. ஸ்கேல் கத்தியில் உரசும் சின்ன ஒலி.

நேரே உட்கார்ந்து பார்த்தால் ஸ்கேலும் அதையேதான் சொன்னது. அரை மில்லி தாழ்வு.

"சாய்ஞ்சே பார்த்திருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அவ கண்ணுக்கு நேரேயே இருந்திருக்கு" என்றார்.

அப்போதுதான் நான் கண்ணை லேசாகத் திறந்தேன். அத்தான் மெஷினைப் பார்க்கவில்லை. எதிரே தன் காலி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னால் ஜன்னல், ஜன்னல் முழுக்க வெளிச்சம்.

"அங்க நின்னா என் மூஞ்சியே இருட்டாத்தானே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

(இதை அவர் சொன்னாரா, நான் சேர்த்தேனா? சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம்.)

6

இனி முடிவுகள். என் வீட்டு வெள்ளையடிப்பு முடிந்து திரும்பி வந்தபின், பெயின்ட் வாசனையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தவை.

அ. அத்தான் எதுவும் சொல்லாமல் இடது கோடியைச் சரிசெய்துவிடுகிறார். கருவி பிரமாதமாக வேலை செய்கிறது. சில வாரங்களில் மஞ்சள் கோட்டில் புல் அடர்கிறது. மேனேஜர் பாராட்டுகிறார். அக்காவுக்கு "இங்க வந்து பாருங்க" என்று சொல்லக் காரணமே இல்லாமல் போகிறது. ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு

(எழுதப் பிடிக்கவில்லை. ஆனால் இதுதான் நடக்கக்கூடியது என்று உள்ளுக்குள் ஒரு பயம்.)

ஆ. அத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். "நான் எங்கயும் போகல" என்கிறாள். ஜன்னலில் ஒரு குருவி

குருவி கிருவி எல்லாம் வேண்டாம்.

இ. கருவி கை தவறிக் கண்ணாடி மேல் விழுந்து, கண்ணாடி உடைகிறது. கதாசிரியர் தப்பித்துக்கொள்கிறார்.

7

மூன்றையும் கதையோடு சேர்த்து அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது. பின்னணியில் கிரீனுக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம்.

"நான் எங்கடா இப்படி அழுதேன்?"

"அது கதைக்கா."

"கதைன்னா? முகத்தைப் பொத்திக்கிட்டு நான் அழுது நீ பார்த்திருக்கியா? அழுறதுன்னா உன் அத்தான்தான் அழுவாரு. அதுவும் டயலுக்குத் துரு பிடிச்சா."

"சரி, மாத்திடறேன்."

"எல்லாத்தையும் அவர் பக்கம் நின்னே எழுதியிருக்கே. என் நாற்காலில ஒரு வரியாவது உக்காந்தியா?"

"நீ வாயைத் திறந்தாத்தானே?"

"நீ முழிச்சிருந்தாத்தானே?"

தண்ணீர் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"அந்தத் தட்டு விழுந்தது..." என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வராதீங்கன்னு நான் சொன்னேனா?"

"அத்தான் அப்படித்தான் முணுமுணுத்தாரு."

"எப்போ?"

"ரொம்ப நாள் முந்தி போல."

"எனக்கு ஞாபகமே இல்லடா." தண்ணீர் இன்னொரு சுற்று வந்தது. "இவர் ஏன் வரவே மாட்டேங்கறாருன்னு நான்..."

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் அதை முடித்துவைக்கப் போவதில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய அக்காவானாள். "இந்தா பாரு, என்ன வேணாலும் எழுது. முடிவை மட்டும் எழுதாதே."

"ஏன்?"

"அவரு படிப்பாரு. நான் போயிட்டேன்னு எழுதினா, அதுதான் அளவுன்னு அங்கயே வச்சு முடுக்கிடுவாரு. இருந்துட்டேன்னு எழுதினா, சரிதான்னு ஸ்டூல்ல போய் உக்காந்துக்குவாரு. ரெண்டுமே எனக்கு வேணாம்."

"எனக்கு மட்டுமாவது சொல்லேன். போறியா, இருக்கியா?"

"மாசக் கடைசிவரைக்கும் டைம் இருக்கு. அவங்களுக்கே இன்னும் சொல்லல. உனக்கு என்ன அவசரம், வெள்ளையடிச்சது காயட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சரி. அவள் நாற்காலியில் ஒரு வரி உட்கார்ந்து பார்க்கிறேன்.

தினமும் விடியற்காலையில் மெஷினுக்கு மேலாக ஒரு கை மட்டும் அவள் பக்கம் நீண்டு வருகிறது. கையில் ஸ்கேல், நகக்கண்ணில் கிரீஸ். முகம் தெரியவில்லை, பின்னால் வெளிச்சம். அரை மில்லி தாழ்வு அவளுக்கு நேரெதிரே பளிச்சென்று தெரிகிறது. அவளே ஒரு திருகு திருப்பினால் அது சரியாகிவிடும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் திருப்பவில்லை, இங்க வந்து பாருங்க என்கிறாள், ஏனென்றால் அவளுக்கு வேண்டியிருந்தது கத்தி சரியாவது அல்ல, அவர்

இந்த நாற்காலி ரொம்பக் கிறீச்சிடுகிறது. எழுந்துவிடுகிறேன்.

8

ஒன்று பாக்கி. அக்கா அந்தப் புது மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த மறுநாள் காலை நடந்தது. அதைக் கடைசிக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

அன்று நான் மூட்டை மேல்தான் இருந்தேன். ஷெட்டில் விளக்கு போடவில்லை. ஜன்னலில் வெளிச்சம் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. மெஷின் மேசைக்குக் குறுக்கே மல்லாந்து கிடந்தது. அத்தான் இடது கோடியைச் சரிசெய்யவில்லை, அந்த அரை மில்லியை அப்படியே விட்டுவைத்திருந்தார். அதன் மேல் கருவியை வைத்திருந்தார். பக்கத்தில் கண்ணாடி, அதில் கொஞ்சம் வானம்.

அக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கிறீச். நாற்றுத் தட்டை இழுத்துக்கொண்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஜோடிக் கண் வேண்டாம் என்று நினைத்தேன். பயமும்தான்.

"நீ சொன்னது சரிதான்" என்றார் அத்தான். "இடப்பக்கம் தாழ்வுதான்."

நாற்றுத் தட்டு நகரும் சத்தம் கேட்டது.

"கருவி சொல்லுது. நானும் அந்தப் பக்கம் வந்து பார்த்தேன். நீ இல்லாதப்போ."

தட்டை நகர்த்தும் சத்தம் நின்றுவிட்டது. அத்தான் இரண்டு முறை மூச்சு இழுத்து விட்டார். பிறகு, அவர் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"கொஞ்சம் இங்க வந்து பாரு."

தகரக் கூரையில் பனிநீர் ஒரு சொட்டு உருண்டு விழுந்தது. அப்புறம் அக்காவின் குரல்:

"இங்கிருந்தே தெரியுது."

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று என்னால் சொல்ல முடியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன மாதிரியும் இருந்தது. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு சொன்ன மாதிரியும் இருந்தது. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நாற்காலி கிறீச்சிட்டது. ஸ்டூலும் நகர்ந்தது. பிறகு ரப்பர் பூட்ஸ் சத்தம். ஒரே ஒரு ஜோடிக் கால். மைதானத்தில் எல்லாருக்கும் ஒரே பூட்ஸ்தான் கொடுப்பார்கள். நடப்பது அவரா அவளா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேசையைச் சுற்றி வருவதென்றாலும் வாசலுக்குப் போவதென்றாலும் முதல் சில அடிகள் ஒன்றுதான்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே தூங்கியும் போனேன். எழுந்தபோது ஷெட்டில் யாரும் இல்லை. மெஷின் வெளியே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலடிச் சத்தம் இந்த வரியில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு அது மேசையைச் சுற்றி வர வேண்டும். என் ஆசையைச் சொல்லிவிட்டேன், ஆனால் என் ஆசை அளவாகாது. முடிவை எழுத மாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுக்கவில்லை. மூட்டை மேல் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. இங்கே வந்து, நீங்கள் கண்ணைத் திறந்து பாருங்கள்.